பதினான்கு மாதக் கேமரா

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தை. மூன்றாவதாக, எங்கள் அலுவலகம் ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்தது. முதல் இரண்டும் குழு போடாமல், தீர்மானம் எழுதாமல், ஒருவரிடம் கையெழுத்துகூட வாங்காமல் அவசர கதியில் நடந்தவை. அதன் பலனை உலகம் இன்னும் அனுபவிக்கிறது. ஒன்று சுடுகிறது, இன்னொன்று மோதுகிறது. எங்கள் கேமரா அப்படிப்பட்டதல்ல. பதினான்கு மாதம் யோசித்து, பதினேழு முறை கூடி எடுக்கப்பட்ட முடிவு அது. அந்தக் குழுவின் செயலாளராக, கூட்டக் குறிப்புகள் அத்தனையையும் என் கையால் எழுதியவன் நான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் பிரிவின் பெயர் 'கைவிடப்பட்ட கட்டடங்கள் பிரிவு'. நகர அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் போகாத பக்கத்தில் இருக்கிறது. ஊருக்குள் ஆளில்லாமல் கிடந்து, விழுகிற நிலையில் உள்ள கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க உத்தரவு போடுவது எங்கள் கடமை. ஆனால் ஒரு கட்டடம் தானாகவே 'கைவிடப்பட்டது' ஆகிவிட முடியாது. கோப்பில் அதன் உருவம் இருக்க வேண்டும். அந்த உருவத்தை அலுவலகமே உண்டாக்கியிருக்க வேண்டும். இது விதி. உருவம் இல்லாத வரையில் அது எவ்வளவு சாய்ந்தாலும், எத்தனை செங்கல் உதிர்ந்தாலும், எங்களைப் பொறுத்தவரை 'சும்மா காலி'.

முப்பது வருடமாக ஒரு வரைவாளர் இந்த உருவங்களைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். இளகிய மனசுக்காரர். விரிசலை வரைய அவருக்கு மனம் வராது. விரிசல் இருந்த இடத்தில் ஒரு கொடியைப் படரவிட்டு, அதில் இரண்டு பூவும் வைத்துவிடுவார். அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் அழுதோம். மறுநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: வரைவாளர் பணியிடம் நிரப்பப்பட மாட்டாது, 'நவீனமயமாக்கலின் ஒரு பகுதியாக' பிரிவு தனது முதல் கேமராவைத் தேர்வு செய்துகொள்ளலாம்.

இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க வாரத்தில்தான் என் அக்கா தன் சொந்தப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அக்கா அலுவலகத்திலிருந்து நான்கு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறாள். மூன்று மிஷின், ஒரே ஆள். பள்ளிச் சீருடைதான் அவளுக்குப் பிழைப்பு. நான் பட்டம் வாங்கியது முழுக்க முழுக்க மற்ற பிள்ளைகளின் அரைக்கால் சட்டையால்தான். அப்பா போன பிறகு அவள்தான் தைத்துத் தைத்துப் படிக்க வைத்தாள். கடைக்குப் பக்கத்தில் பழைய ஐஸ் தொழிற்சாலை. பூட்டிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது அங்கே ஐஸும் இல்லை, முதலாளியும் இல்லை. இரண்டும் ஒரே கோடையில் கரைந்துபோனதாகச் சொல்வார்கள். மிஞ்சியிருந்தது இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒரு சுவர். அதுவும் நேராக நிற்கவில்லை. அக்காவின் கடைமேல் ஏதோ பிரியம் வைத்து, அந்தப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"டேய், அந்தச் சுவர் என் கடை மேல சாயுதுடா," என்றாள், என் மேஜை முன்னால் நின்று.

"மனுவா எழுதிக் குடுக்கா."

"நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப உனக்கு மூக்கு ஒழுகும். துடைச்சு விடறதுக்கு முன்னாடி நான் மனு கேட்டேனா?"

"அது வீடு. இது ஆபீஸ்."

அவள் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். வாடிக்கையாளர்களின் இடுப்பு, தோள், கை நீளம் எழுதும் நோட்டு. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பில் 'சுவர்' என்று எழுதியிருந்தது. அவளுடைய கடை மொட்டை மாடிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை மாதாமாதம் முதல் தேதி இஞ்ச் டேப்பால் அளந்து குறித்து வைத்திருக்கிறாள்.

"போன மாசம் பதினொண்ணே முக்கால். இந்த மாசம் பதினொண்ணு. எல்லாப் பிள்ளைங்களுக்கும் வருஷம் போகப் போகத் துணியைத் தளர்த்தித்தான் விடறேன். இது ஒண்ணு மட்டும் இறுகிக்கிட்டே போகுது."

அந்த அளவுகளை நான் மிகுந்த மரியாதையுடன் பார்த்தேன். ஆனால் இஞ்ச் டேப் அலுவலகச் சொத்து அல்ல என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. அவள் போனில் எடுத்த படங்களையும் காட்டினாள். போனும் அலுவலகச் சொத்து அல்ல.

"கவலைப்படாதக்கா. கேமரா வாங்கப் போறோம். வந்த உடனே முதல் படமே உன் சுவர்தான்."

"எப்ப வரும்?"

"குழு போட்டிருக்கோம்."

அக்கா என் மேஜையிலிருந்த ஒரு தாளில் மனுவை எழுதி வைத்தாள். பிறகு நோட்டை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவளுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் வேறு அந்தப் பக்கம் போகாது.

குழுவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பிரிவின் தலைவர்தான் குழுவுக்கும் தலைவர். தன் பணிக்காலத்தில் ஒரு முடிவைக்கூட அவசரப்பட்டு எடுத்ததில்லை என்ற பெருமைக்கு உரியவர், நிதானமாகவும் எடுத்ததில்லை. அடுத்தவர் பொறியாளர். எதையும் கணக்கிடுவார், எதையும் நேரில் போய்ப் பார்க்க மாட்டார். பார்த்தால் கணக்கு தப்பிவிடும் என்பது அவர் அனுபவம். மூன்றாமவர் ஸ்டோர் கீப்பர். பொருள்கள் படைக்கப்பட்டிருப்பதே அலமாரியில் இருப்பதற்காகத்தான் என்று நம்புகிறவர். நான்காவது நான்.

முதல் கூட்டத்தில், கேமரா வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. இந்த வேகம் தலைவருக்கே பயத்தைக் கொடுத்ததால் அடுத்த கூட்டத்தில் அது மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

"போன்லயே எடுத்தா என்ன?" என்று நான்தான் கேட்டேன். ரத்த பாசம் ஒரு கணம் கண்ணை மறைத்துவிட்டது.

"போன் எதுக்கு?" என்றார் தலைவர்.

"பேச, சார்."

"அப்ப அதுல எடுத்தா அது பேச்சு. படம் இல்ல. வாய்ப்பேச்சை நாம ஆதாரமா எடுத்துக்கறதில்ல. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

மூன்றாம், நான்காம் கூட்டங்கள் மெகாபிக்சல் பற்றியவை. பொறியாளர் பலகையில் ஒரு சுவரை வரைந்து, அதில் எத்தனை செங்கல் என்று எண்ணி, ஒரு செங்கல்லுக்கு எத்தனை பிக்சல் ஒதுக்குவது நியாயம் என்று விளக்கினார். குறைவாக ஒதுக்கினால் செங்கல்லுக்கு அநீதி. அதிகமாக ஒதுக்கினால் விரிசல் தெரியும்.

"விரிசல் தெரியணும்தானே, சார்?" என்றேன்.

"தெரியலாம். ஆனா முதல் கேமராலயே எல்லாம் தெரிஞ்சிட்டா, ரெண்டாவது கேமரா எதுக்குன்னு மேல கேப்பாங்க."

தொலைநோக்கு என்றால் இதுதான்.

ஐந்தாவது கூட்டத்தில் வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்ற கேள்வி எழுந்தது. தலைவர் தன் மருமகன் காட்டிய சில படங்களைப் பார்த்திருந்தார். இப்போதெல்லாம் இளைஞர்கள் பாழடைந்த கட்டடங்களைத் தேடித் தேடிப் போய்ப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டுகிறார்களாம். உடைந்த ஜன்னலுக்கு ஆயிரம் பேர் இதயம் போடுகிறார்கள். இருபது வருடமாகப் பாழடைந்த கட்டடங்களோடு வாழும் எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் போட்டதில்லை.

"கறுப்பு வெள்ளைல ஒரு சோகம் இருக்கு," என்றார் தலைவர்.

"கோப்புக்குச் சோகம் தேவையா, சார்?" என்றார் பொறியாளர்.

"கோப்பைத் திறக்கறவனுக்குத் தேவை."

அந்த மாதம் இடைவெளி ஒன்பதே கால் இஞ்ச்.

வீட்டில் நிலைமை சுமுகமாக இல்லை. என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அக்காவின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சமையலறையில் நின்றபடியே எந்த மாதம் சுவர் வந்து தொடும் என்று சொல்லிவிட்டாள். குழு இல்லாமல் சொல்லப்பட்ட தேதி என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஏங்க, நாத்தனாரும் அண்ணன் தம்பி பொண்டாட்டியும் ஒரே பக்கம் நிக்கறது உலகத்துல எங்கயாவது நடக்குமா?"

"நடக்காது."

"நடத்திக் காட்டிட்டீங்க. உங்க ஆபீஸுக்கு ஒரு கும்பிடு."

அவள் அக்காவிடமும் போய்ப் பேசினாள். "அண்ணி, நம்ம வீட்டு முன்ரூமுக்கு மிஷினைக் கொண்டுவந்துடுங்க. சுவர் விழுந்தப்புறம் பாத்துக்கலாம்."

"வேணாம் கண்ணு. சீருடை தைக்கக் குடுக்கறவங்க தெருவுல போறப்ப பாத்துட்டு உள்ள வர்றவங்க. உங்க சந்துக்குள்ள யாரு வருவா? ஒரு மாசம் கடையைச் சாத்தினா பக்கத்துத் தெருக்காரன்கிட்ட போயிடுவாங்க. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

"உங்க தம்பி இருக்காரே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன நகைச்சுவை என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்பதாவது மாதம் குழு நேரடியாகக் கேமராக் கடைக்குப் போனது. விற்பனையாளர் நல்ல மனிதர். நான்கு பேர் வரிசையாக நிற்பதைப் பார்த்துக் குடும்பப் படம் எடுக்க வந்திருப்பதாக நினைத்துவிட்டார்.

"முதல் கேமராவா, சார்? என்ன எடுக்கப் போறீங்க? கல்யாணமா, பறவையா?"

"யாரும் இல்லாத கட்டடம்," என்றார் தலைவர்.

"யாருமே இல்லாததா?"

"ஆளே இருக்கக் கூடாது. இருந்தா அது எங்க பிரிவு இல்ல."

விற்பனையாளர் ஒரு கேமராவை எடுத்து நீட்டினார். "அப்ப இது சரியா இருக்கும். இருட்டுலயும் எடுக்கும். கையடக்கமா இருக்கும். கட்டடத்துக்கு அகலமா எடுக்கற லென்ஸ் முக்கியம் சார், இடம் குறுகலா இருந்தாலும் முழுசா வந்துடும். முதல் முறை வாங்கறவங்களுக்கு இதுவே போதும். வீணா பெருசா வாங்காதீங்க. நாளைக்கே எடுத்துக்கிட்டுப் போய்ப் படம் எடுத்துப் பழகுங்க. பழகப் பழகத்தான் எது வேணும்னு தெரியும்."

பதினான்கு மாதத்தில் நாங்கள் கேட்ட ஒரே பொறுப்பற்ற பேச்சு இது.

"நாளைக்கேவா?" என்றார் ஸ்டோர் கீப்பர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

பொறியாளர்தான் நிலைமையைச் சமாளித்தார். அகல லென்ஸில் ஒரு குறை உண்டென்று அவர் எங்கேயோ படித்திருந்தார். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால், நேராக நிற்கும் கட்டடமும் சாய்ந்ததுபோல் வரும். அப்படியானால் ஊரில் உள்ள எல்லாக் கட்டடமும் எங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்துவிடும். வேலைப் பளு என்னாவது?

"அதுக்கும் வழி இருக்கு, சார்," என்றார் விற்பனையாளர். எதிர்ப்பக்கம் இருந்த ஒரு கட்டடத்தை எடுத்தார். திரையில் அது மேலே குறுகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினார். கோடுகள் எல்லாம் நகர்ந்தன. கட்டடம் மெல்ல நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பையன் மாதிரி விறைப்பாக நின்றது.

நாங்கள் நால்வரும் திரையை நோக்கிக் குனிந்தோம்.

"இன்னொரு தடவை," என்றார் தலைவர்.

விற்பனையாளர் இன்னொரு தடவை அழுத்தினார்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஒரு கட்டடத்தை இவ்வளவு சீக்கிரம் யாரும் நிமிர்த்தி நான் பாத்ததில்ல."

"சார், இது படத்துல மட்டும்தான்," என்றார் விற்பனையாளர். "சில கேமராவுல இது தானாவே நடக்கற மாதிரி வச்சுக்கலாம். ஆனா உங்க வேலைக்கு அதை அணைச்சு வைக்கறதுதான் நல்லது. நெஜமாவே சாஞ்ச சுவரையும் நேரா காட்டிடும்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "தானாவே நடக்கும்னு சொன்னாரு பாருங்க. அதை மட்டும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. வெறும் ஐந்தே மாதத்தில் கேமரா வந்து சேர்ந்தது. தலைவர் உறையைப் பிரித்தார். கை தட்டினோம். ஸ்டோர் கீப்பர் உறையைத் திரும்பப் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்று இடைவெளி மூன்று இஞ்ச்.

அக்கா வந்தாள். மூன்று மாடியும் ஏறியதில் மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"செயலாளர் சார், கேமரா வந்துடுச்சாமே."

"வந்துடுச்சுக்கா. பயன்பாட்டு விதி மட்டும் எழுதணும்."

பயன்பாட்டு விதியை எழுதியவர் ஸ்டோர் கீப்பர். அவருடைய வாதம் அசைக்க முடியாதது. "இது ஆபீஸோட ஒரே கேமரா. நீங்க எல்லாம் இதை எங்க கொண்டு போறீங்க? விழப்போற கட்டடத்துக்குக் கிட்ட. மேல விழுந்துதுன்னா யார் பொறுப்பு?"

"ஆள் மேல விழுந்தா?" என்று பொறியாளர் ஒரு ஆர்வத்தில் கேட்டார்.

"ஆள் ஸ்டோர் லிஸ்ட்ல இல்ல."

எனவே, கேமரா எந்த ஆபத்தான கட்டடத்துக்கும் நூற்றைம்பது அடிக்குள் கொண்டுசெல்லப்படக் கூடாது என்று விதி ஏற்பட்டது. இதன் மூலம் எங்கள் கேமரா நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான கேமரா என்ற நிலையை அடைந்தது.

படம் எடுக்கும் நாளும் வந்தது. என் வாக்குப்படி முதல் படம் அக்காவின் சுவர். தெருக்கோடியில் முக்காலியை நிறுத்தினோம். அங்கிருந்து பார்த்தால் பழச்சாறுக் கடையின் பலகை, இரண்டு மின்கம்பம், அதற்கும் பின்னால் ஐஸ் தொழிற்சாலை. அக்கா தன் கடை வாசலில் கழுத்தில் டேப்போடு நின்று கையாட்டினாள்.

"கொஞ்சம் கிட்ட வாடா."

"வரக் கூடாதுக்கா. ஆபத்தான இடம்."

"அப்ப நான் எங்கடா நிக்கறேன்?"

இந்தக் கேள்வி விதியின் எல்லைக்குள் வராது. பொத்தானை அழுத்தினேன். கேமரா ஒரு கணம் யோசித்தது. பிறகு, பிரிவின் எதிர்பார்ப்பு எதுவோ அதை உணர்ந்துகொண்டதுபோல், சுவரை நிமிர்த்தி வைத்தது. பழச்சாறுக் கடைப் பலகை லேசாகச் சாய்ந்தது. அது எங்கள் பிரிவில் வராது.

படம் அற்புதமாக வந்திருந்தது. வெளிச்சம் சுவரின் மேல் விழுந்திருந்த அழகைத் தலைவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். பெரிதாக்கி, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். கோப்பில் பொறியாளர் அளவுகோலை வைத்துப் பார்த்து எழுதினார்: 'சுவர் செங்குத்தாக உள்ளது. சாய்வு பூஜ்யம். கட்டடம் நல்ல நிலையில் இருப்பதால் கைவிடப்பட்டதாகக் கருத இயலாது. மனு நிராகரிக்கப்படுகிறது.'

கீழே செயலாளர் கையெழுத்து. போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. ஆனால் போட்டது ஏனோ என் கையெழுத்துபோல் வரவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

நிராகரிப்பை மனுதாரர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் போனது. அக்கா பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். பள்ளி திறக்கும் சமயம். கடையில் நாற்பது செட் சீருடை தைத்து முடித்து, இன்னும் பொத்தான் வைக்கவேண்டிய நிலையில் இருந்தது. சீக்கிரம் விட்டால் மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்றாள்.

விடமுடியவில்லை. தலைவர் கூட்டத்தில் இருந்தார். கேமராவுக்குப் பை வாங்குவது பற்றிய கூட்டம். தோளில் மாட்டுவதா, இடுப்பில் கட்டுவதா என்பதில் கருத்து வேறுபாடு.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. அக்கா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த நான்கு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். நான் குறிப்பெடுக்க உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன்.

"தம்பி."

"என்னக்கா?"

"காலைல அளந்தேன். டேப்பு உள்ள போகலை."

"அப்படின்னா?"

"அப்படின்னா தொட்டுடுச்சு."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கூட்டக் குறிப்பில் அந்த நேரத்துக்கு எதிரே 'தோள் பைக்கு ஆதரவு: மூன்று' என்றுதான் இருக்கிறது.

பன்னிரண்டே காலுக்கு அக்காவின் போன் அடித்தது. கடைக்கு எதிரே இருக்கும் சாவி செய்கிறவர். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்கா "சரி" என்றாள். பிறகு "தெருவுல யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்றாள். பிறகு மறுபடியும் "சரி." போனை வைத்துவிட்டு, கையிலிருந்த சட்டையின் கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"விழுந்துடுச்சாம்டா," என்றாள்.

கூட்டம் பாதியில் நின்றது. எங்கள் பிரிவின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. நாங்கள் எல்லோரும் போனோம். நூற்றைம்பது அடிக்கு உள்ளேயே போனோம், கேமரா கையில் இல்லாததால். மொட்டை மாடி தரையில் இருந்தது. மூன்று மிஷினில் ஒன்றின் சக்கரம் மட்டும் செங்கல் குவியலுக்கு வெளியே தெரிந்தது. நீல நிறச் சீருடைகள் எல்லாம் சிவப்பாகியிருந்தன, செங்கல் தூள்.

தலைவர் அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு ஒளி பரவியதை நான் கண்டேன்.

"அம்மா, நீங்க எத்தனை மணிக்கு ஆபீஸுக்கு வந்தீங்க?"

"பத்துக்கு."

"உடனே வேலையை முடிச்சு அனுப்பியிருந்தா?"

"பத்தரைக்குக் கடைல இருந்திருப்பேன்."

"பாத்தீங்களா?" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "நம்ம தாமதம் ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு."

பொறியாளர் தலையசைத்தார். ஸ்டோர் கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். எங்கள் அலுவலகம் மட்டும் சுறுசுறுப்பாக இயங்கியிருந்தால் அன்று என் அக்கா போயிருப்பாள். எத்தனை வருடமாக எங்களைக் 'காக்க வைக்கிறார்கள்' என்று ஊர் திட்டியது. காப்பதற்காகத்தான் வைத்தோம் என்று இப்போதாவது புரியட்டும்.

அக்கா மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "அந்த மூணு மிஷினுக்கும் ஒரு கடிதம் போட்டு வரச் சொல்லியிருந்தீங்கன்னா, அதுங்களையும் காப்பாத்தியிருக்கலாமே சார்."

ஆலோசனையாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

கோப்பு மறுநாளே முடிக்கப்பட்டது: 'கட்டடம் இல்லாத காரணத்தால் மேல் நடவடிக்கை தேவையில்லை.' வரவேற்பறையில் படம் இன்னும் இருக்கிறது. அதில் அந்தச் சுவரைப் பார்க்கிறவர்கள் "என்ன கம்பீரம்" என்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டு முன்ரூமில் இரவல் மிஷின் ஒன்று ஓடுகிறது. என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அக்காவுக்குப் பொத்தான் வைத்துக் கொடுக்கிறாள். இருவரும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வந்துவிடுகிறது, தட்டை வைக்கும் சத்தத்தோடு.

போன வாரம் மேலிடத்திலிருந்து படிவம் வந்தது. கடமையின்போது பொதுமக்களின் உயிரைக் காத்த அலுவலர்களுக்கு ஆண்டுதோறும் பதக்கம் கொடுக்கிறார்கள். தலைவர் எங்கள் நால்வரின் பெயரையும் அனுப்பியிருந்தார். ஒரு பகுதியைக் காப்பாற்றப்பட்டவரே தன் கைப்பட நிரப்ப வேண்டும். அதை வாங்கிவரும் பொறுப்பைச் செயலாளரான என்னிடம் ஒப்படைத்தார்கள்.

நான் படிவத்தை மிஷின் பக்கத்தில் வைத்தேன்.

"என்னடா இது?"

"உன்னைக் காப்பாத்தினதுக்கு."

மிஷின் நின்றது. என் மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அக்கா திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். பேனா கேட்டாள். கொடுத்தேன். தையல் மார்க் பண்ணுகிற மாதிரி, நிதானமாக, அழுத்தமாக எழுதினாள். மடித்து என் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டியும் விட்டாள்.

"திருத்தாம அனுப்பு," என்றாள்.

தெருமுனைக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். காப்பாற்றப்பட்டவர் என்ற இடத்தில் அவள் பெயர். காப்பாற்றப்பட்ட நாள், நேரம், எல்லாம் சரியாக இருந்தது. 'எந்த ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்டார்' என்ற இடத்தில் சுவர் என்று எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். எழுதவில்லை. எங்கள் நால்வரின் பெயரையும் வரிசையாக எழுதியிருந்தாள். முதல் மூன்று பேருக்கு எதிரே அவரவர் பதவி பிசகாமல் இருந்தது. என் பெயருக்கு எதிரே மட்டும் செயலாளர் என்று இல்லை.

'கூடப் பிறந்தவன்' என்று இருந்தது.